கரும்பு நகரத்துப் பெட்ஃபோர்ட்: ஒரு பழைய தீயணைப்பு வண்டியின் வரலாறும் மீட்பும்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், டர்பனுக்கு வடக்கே, கடலுக்கும் கரும்புக் காடுகளுக்கும் இடையில் அமைந்த ஒரு சிறு நகரத்தின் நகராட்சிக் கிடங்கில் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த தீயணைப்பு வண்டி ஒன்று அண்மையில் மீண்டும் ஓடவும் நீர் இறைக்கவும் செய்யப்பட்டது. அந்த வேலையின் தொழில்நுட்ப விவரங்களைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம் என்றாலும், பட்டறை வேலையைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது வேறொரு கேள்வி: வண்டியை எந்த ஆண்டின் நிலைக்கு மீட்பது? தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளின் நிலைக்கா, ஊர்ப் பட்டறைக்காரர்கள் இருபது ஆண்டுகள் அதில் கைவைத்து மாற்றியமைத்த பிறகான நிலைக்கா? எங்கள் குழு பின்னதைத் தேர்ந்தது. பழைய வாகனச் சேகரிப்பாளர்கள் சிலர் இன்றும் இதை ஏற்கவில்லை. ஏற்காதவர்களின் வாதத்துக்கும் இங்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

வண்டியும் ஊரும்

வண்டியின் அடிப்படை, பெட்ஃபோர்டு நிறுவனத்தின் ஓ வகை லாரி. 1939இல் அறிமுகமாகி, போர்க்காலத்தில் ராணுவத்துக்கென மாற்றி வடிக்கப்பட்டு, போருக்குப் பின் மீண்டும் பொதுச் சந்தைக்கு வந்து 1953 வரை தயாரான வகை அது. ஆறு சிலிண்டர்கள் கொண்ட 3.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், முரட்டுத்தனமான எளிய கட்டமைப்பு, எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டக்கூடிய பாகங்கள் ஆகியவை காரணமாகக் காலனி நாடுகள் பலவற்றில் இந்த லாரி பரவியது. பெட்ஃபோர்டின் தாய் நிறுவனமான வாக்ஸ்ஹாலை ஜெனரல் மோட்டார்ஸ் 1925இல் வாங்கியிருந்தது. அதே ஜெனரல் மோட்டார்ஸ் 1926இல் போர்ட் எலிசபெத்தில், அதாவது இன்றைய கெபெர்ஹாவில், தன் தென்னாப்பிரிக்க ஆலையைத் தொடங்கியது. ஆகவே பெட்ஃபோர்டு லாரிகளுக்கு உதிரிபாகம் கிடைப்பது அக்காலத்தில் இந்நாட்டில் பெரிய சிக்கலாக இருந்ததில்லை. எங்கள் வண்டி 1940களின் இறுதியில் வந்தது. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் மரச் சட்டத்தின் மேல் தகடு போர்த்திய பெட்டிகளும், நடுவில் ஒரு நீர்த்தொட்டியும், கியர்பாக்ஸிலிருந்து சக்தி எடுக்கும் தண்டால் சுழலும் மையவிலக்குப் பம்பும் பொருத்தப்பட்டிருந்தன.

இப்படியொரு வண்டி இந்த ஊருக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை நிலத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்ததிலிருந்து, ஒப்பந்தத் தொழிலாளர்களின் உழைப்பில் இக்கரையெங்கும் கரும்பு வளர்ந்தது. அறுவடைக்கு முன் தோகையை எரித்துவிடுவது இங்குள்ள வழக்கம். அறுவடை பெரும்பாலும் நடப்பது மழை குறைந்த குளிர்காலத்தில். அந்த மாதங்களில்தான் உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து கடலை நோக்கி வெப்பமும் வறட்சியுமாகப் பெர்க் காற்று இறங்குகிறது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நெருக்கிக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகள் பல, வரப்பு ஒன்றை மட்டுமே இடைவெளியாகக் கொண்டு கரும்பை ஒட்டி நின்றன. காற்று திசை மாறினால் என்ன நடக்கும் என்பது ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும்.

நகராட்சியில் எஞ்சியிருக்கும் குழுப் படங்களில், இந்த வண்டியின் முன் சீருடையும் தலைக்கவசமும் அணிந்து நிற்பவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அந்தக் காலத்தில் இது வியப்புக்குரியதன்று. எந்த வேலை எந்த இனத்தாருக்கு என்று அரசே ஒதுக்கீடு செய்யும் அதிகாரத்தை 1956ஆம் ஆண்டின் தொழில் சமரசச் சட்டம் வெளிப்படையாகவே வழங்கியது. ஆனால் வண்டியைப் பிரித்துப் பூட்டியவர்களும், பம்பின் அருகே நின்று நெம்புகோலை இயக்கியவர்களும், குழாயை இழுத்துக்கொண்டு ஓடியவர்களும் நகராட்சிப் பட்டறையின் தமிழ்த் தொழிலாளர்கள். படத்தில் அவர்கள் இல்லை. சம்பளப் பதிவேட்டில் ‘தொழிலாளி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போகிறார்கள். வண்டியை ஆராய்ந்தபோது கிடைத்த தடயங்களில் பெரும்பகுதி அவர்களுடையது என்பதுதான் இந்த மீட்பின் போக்கை மாற்றியது.

உலோகம் சொன்ன வரலாறு

ஆய்வின் முதற்கட்டமாக வண்டியை எதுவும் கழற்றாமல் படமெடுத்து, பின் பெயின்டைச் சிறு சாளரங்களாகப் படிப்படியாகத் தேய்த்து அடுக்குகளைப் பார்த்தோம். மேலே மஞ்சள்; தீயணைப்புப் பணியிலிருந்து விலக்கப்பட்டுச் சாலைப் பணிக்குத் தண்ணீர் சுமந்த காலத்தின் நிறம். அதற்குக் கீழே தூரிகையால் பூசிய மலிவான சிவப்பு எனாமல். அடியில், செவ்வீயப் பூச்சின் மேல், ஆழ்ந்த சிவப்பு செல்லுலோஸ் பெயின்டும், ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் பொன்தகட்டால் எழுதிய எழுத்துகளின் நிழலும். ஈயம் கலந்த பூச்சு என்பதால் உலர்தேய்ப்பு முற்றாகத் தவிர்க்கப்பட்டது; நனைத்துத் தேய்த்து, கழிவைத் துணியோடு சேர்த்து மூடிய பெட்டியில் அடைத்தோம்.

சேசிஸ் சட்டத்தின் உட்புறத்தில் ஒரே மட்டத்தில் நெடுகப் படிந்திருந்த வண்டல், 1987 செப்டம்பரில் நேட்டாலைப் புரட்டிப்போட்ட வெள்ளம் கொட்டகைக்குள்ளும் புகுந்ததைக் காட்டியது. மரச் சட்டத்தின் பெரும்பகுதியை உலர்மரக் கரையான் தின்றிருந்தது. மேற்கிந்திய உலர்மரக் கரையான் எனப்படும் இந்தப் பூச்சி டர்பன் வட்டாரத்தில் நிலைத்துவிட்டதால், இங்கே பழைய மரம் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பக்கூடாது. வெளியே முழுதாகத் தெரிந்த ஒரு சட்டம் விரல் அழுத்தத்துக்கே உள்வாங்கியது. கெட்ட பகுதியை மட்டும் வெட்டியெடுத்துச் சாய்வுவெட்டில் புதுமரம் இணைத்தோம். எது புதியது என்பது பின்னால் வருபவர்களுக்குத் தெரிய, மறைவான பக்கத்தில் ஆண்டைச் சூட்டுக்கோலால் பொறித்தோம்.

மிகுதியான செய்தி பம்பில் இருந்தது. உறையைத் திறந்தபோது, நீரைச் சுழற்றி வெளியே தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் உட்புகுவாயில் வெண்கலம் இரண்டு விதமாகத் தேய்ந்திருந்தது. ஒன்று, மணலும் சேறும் உரசியதால் வரும் வழவழப்பான தேய்மானம். குழாய்நீர் மட்டுமே கண்ட பம்பில் இது வராது. மற்றொன்று, அம்மைத் தழும்பு போன்ற சிறு குழிகள். பம்பு தன் சக்திக்கு மீறிய ஆழத்திலிருந்து நீரை இழுக்கும்போது உட்புகுவாயில் அழுத்தம் தாழ்ந்து நீர் ஆவிக் குமிழ்களாகக் கொதித்து, அக்குமிழ்கள் அழுத்தம் கூடிய இடத்தில் நொறுங்கும் வேகத்தில் உலோகத்தைக் கொத்திக்கொத்தி உண்டாக்குபவை அவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தெளிவு: இந்த வண்டி தன் வாழ்நாளில் பெரும்பாலும் ஆற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும், உயரமான கரைகளில் நின்றுகொண்டு, நீர் உறிஞ்சியிருக்கிறது. நகரின் மையத்தில் தெருக்குழாய் இணைப்புகள் இருந்தன. ஆற்றோரத்தில் இருந்தவை தொழிலாளர் குடியிருப்புகள். வண்டி யாருக்காக அதிகம் உழைத்தது என்பதைப் பதிவேடுகளைவிட இம்பெல்லர் நேர்மையாகச் சொல்கிறது.

பம்பு உறையின் ஆய்வு மூடியின் உட்புறத்தில், கூரான உளியால் வெட்டிய ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. மூடியைக் கழற்றாமல் யார் கண்ணிலும் படாத இடம். வேலையைத் தொடங்குமுன் சுழி போடும் பழக்கம் உள்ளவர் ஒருவர் இந்த மூடியைப் புதிதாகக் கடைந்து பொருத்தியிருக்கிறார். மூடியின் வார்ப்பும் மற்றப் பாகங்களின் வார்ப்பும் ஒன்றல்ல.

தூவல் குழாய் பற்றிய வழக்கு

குழுவுக்குள் சண்டை மூண்டது ஒரு மெல்லிய செம்புக் குழாயால். பம்பின் வெளியேற்றுப் பக்கத்திலிருந்து கிளம்பி, ஓட்டுநர் அறைக்கு அடியில் வளைந்து, ரேடியேட்டரின் முகப்பில் குறுக்காக ஓடிய அந்தக் குழாயில், ரேடியேட்டர் மேல் நீர் தூவ வரிசையாகத் துளைகள் இருந்தன. தொழிற்சாலைப் படங்கள் எதிலும் அது இல்லை. சேகரிப்பாளர் நண்பர் ஒருவர் அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்றார். அவருடைய வாதம் எளிமையானது: பட்டறைக்காரன் அவசரத்துக்கு ஒட்டியதை எல்லாம் காப்பாற்றினால், பெட்ஃபோர்டு வடிவமைத்த வண்டி எங்கே தெரியும்? மேலும், ரேடியேட்டரின் இதழ்கள் அரித்துப்போனதற்கும் கீழ்த்தொட்டியின் சாலிடர் இளகியதற்கும் அந்தத் தூவல்தான் காரணம். இரண்டாவது கூற்று முழு உண்மை.

பம்பின் அருகே பல ஆண்டுகள் நின்ற பெரியவர் ஒருவர் ஊரில் இருக்கிறார். எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவர் தாத்தா. வண்டியைப் பார்க்க அழைத்து வந்தபோது அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இத எடுத்துட்டா இந்த வண்டி அரை மணி நேரம் கூட நிக்காது. ஓடுறப்போ காத்து அடிக்கும், ரேடியேட்டர் குளிரும். நெருப்புகிட்ட நிக்கிறப்போ காத்தும் இல்ல, எதிர்ல வேற அனல். கொதிச்சி மூடியத் தூக்கி எறிஞ்சிடும்.”

அவர் சொன்னது எஞ்சின் இயல்பின்படி மிகச் சரி. லாரியின் குளிரூட்டல் அமைப்பு அது ஓடிக்கொண்டிருக்கும் என்ற எதிர்பார்ப்பில் அளவிடப்பட்டது. தீயணைப்பு வண்டியோ தன் எஞ்சினை மிகக் கடுமையாக உழைக்க வைப்பது நின்ற இடத்தில்தான். ஆகவே இதற்கென்றே வடிவமைத்த தீயணைப்பு வண்டிகளில், பம்பு நீரின் ஒரு பங்கைச் சுருள்குழாய் வழியாக அனுப்பி எஞ்சின் நீரைக் குளிர்விக்கும் மூடிய அமைப்பு உண்டு. இரண்டு நீரும் கலப்பதில்லை, ரேடியேட்டர் நனைவதுமில்லை. சாதாரண லாரிச் சட்டத்தின் மேல் குறைந்த செலவில் கட்டப்பட்ட எங்கள் வண்டியில் அது விடுபட்டிருந்தது. பட்டறைக்காரர்கள் கையில் கிடைத்த செம்புக் குழாயால் அந்தக் குறையைத் தீர்த்தார்கள். ரேடியேட்டர் அரித்துப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கீழ்த்தொட்டியில் அடுக்கடுக்காக இருந்த சாலிடர் ஒட்டுகள், அதை அவர்கள் மீண்டும் மீண்டும் சரிசெய்து வந்ததைக் காட்டின. ரேடியேட்டரை இழந்து எஞ்சினைக் காப்பது என்ற கணக்கு அது. எஞ்சின் பிளாக்கில் வெப்பத்தால் வெடித்த ஒரு விரிசலும், அதை ஒட்டுவதற்கு உருக்கிவிட்ட பித்தளையும், இந்தக் கணக்கை அவர்கள் எந்த அனுபவத்திலிருந்து போட்டார்கள் என்பதை விளக்கின.

இந்தக் குழாய் வடிவமைப்பாளர் விட்ட பிழைக்கு ஊர் தந்த திருத்தம். அதைக் கழற்றினால் வண்டி அழகாகும், ஆனால் இந்த ஊரில் அது ஏன் இருபது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது என்பதற்கான விளக்கம் பெட்டிக்குள் போய்விடும். எனவே 1960களின் நடுப்பகுதி நிலையே இலக்கு என முடிவாயிற்று: இரண்டாவது சிவப்பு, தூவல் குழாய், சுழி பொறித்த மூடி எல்லாம் இருக்கும், மஞ்சளும் சாலைப் பணிக்காக வைத்த பெரிய தொட்டியும் நீங்கும். ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டும் ஒரு சாளரத்தில் மூன்று நிற அடுக்குகளையும் மெழுகு பூசி விட்டுவைத்தோம்.

இந்நாட்டுச் சட்டம் இதில் எங்களுக்குத் துணையாகவும் இல்லை, தடையாகவும் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம் 60 வயதைக் கடந்த கட்டடத்தை அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ தடை செய்கிறது. சக்கரம் வைத்த பொருளுக்கு வயதால் மட்டும் அந்தக் காப்பு கிடைப்பதில்லை. மரபுப் பொருள் எனத் தனியே அறிவித்தால்தான் உண்டு. வண்டி நின்ற பழைய கொட்டகைக்குச் சட்டக் காப்பு இருந்தது, உள்ளே நின்ற வண்டிக்கு இல்லை. விசித்திரம்தான்.

பட்டறையில்

பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, புகைக்குழாய் உறை, பம்புத் தண்டின் அடைப்புக் கயிறு ஆகிய நான்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அக்கால வண்டிகள் அனைத்துக்கும் இது பொருந்தும். தென்னாப்பிரிக்காவுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வடகேப் மாகாணத்தின் குருமான், ப்ரீஸ்கா பகுதிகளில் நீல ஆஸ்பெஸ்டாஸை வெட்டியெடுத்து உலகுக்கே விற்ற நாடு இது. அதன் பயன்பாட்டை 2008இல்தான் தடை செய்தது. பிரேக் டிரம்மைக் கழற்றிக் காற்றால் ஊதித் துடைக்கும் பழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் ஊறிப்போனது. இத்தகைய வேலையில் செய்யவே கூடாத முதற்காரியம் அதுதான். பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரைக் கொண்டு நனைத்த நிலையில் எல்லாம் அகற்றப்பட்டன.

பம்புத் தண்டுக்கு இப்போது கிராஃபைட் கயிறு சுற்றப்பட்டுள்ளது. அதை இறுக்குவதில் ஒரு நுட்பம் உண்டு: பம்பு சுழலும்போது அடைப்பிலிருந்து நீர் சொட்டுச்சொட்டாக வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர்விக்கிறது. கசிவு என்று நினைத்து முற்றாக இறுக்கினால் கயிறு கருகித் தண்டில் பள்ளம் விழும்.

இம்பெல்லரைப் புதிதாக வார்ப்பதா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டோம். தேய்ந்த விளிம்பை லேத்தில் வட்டம் திருத்தும் அளவுக்கு மட்டும் கடைந்து, அந்தக் குறைந்த விட்டத்துக்குப் பொருந்தும்படி, இம்பெல்லருக்கும் உறைக்கும் இடையில் அமரும் வெண்கலத் தேய்வளையத்தைப் புதிதாகச் செய்தோம். இடைவெளி குறைந்ததால் பம்பு மீண்டும் அழுத்தம் கட்டியது. குழிகளும் தழும்புகளும் அப்படியே உள்ளன. பிளாக்கின் விரிசலில் பழைய பித்தளை ஒட்டு கசியவில்லை என்பதால் அதைத் தொடவில்லை. அதன் நுனியில் புதிதாக நீண்டிருந்த பகுதியை மட்டும் வெப்பமில்லாத உலோகத் தையல் முறையில் பூட்டினோம். மின்னமைப்பு, கார்புரேட்டர், பிரேக் உருளைகள் போன்றவை எந்தப் பழைய லாரிக்கும் பொதுவானவை. அவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை.

மையவிலக்குப் பம்பு தானாக நீரை உறிஞ்சாது. உள்ளே காற்று இருக்கும்வரை அது வெறுமனே சுழலும். காற்றை வெளியேற்ற இந்த வண்டியில் எஞ்சின் புகையைக் குறுகிய முனை வழியே பீய்ச்சி, அந்த வேகத்தால் பம்பு உறையிலிருந்து காற்றை இழுக்கும் அமைப்பு உண்டு. அதன் மடல் கரி படிந்து இறுகியிருந்தது. அதை விடுவித்த பிறகும் வெற்றிடமானியின் முள் பாதியில் நின்றது. எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். காற்று புகும் இடம் கண்ணுக்குத் தெரியாது; எனவே பம்பைத் தெருக்குழாயுடன் இணைத்து உள்ளே குறைந்த அழுத்தத்தில் நீரை நிரப்பினோம். காற்று புகுந்த இடங்களில் நீர் வெளியே துளிர்த்துத் தன்னைக் காட்டிக்கொடுத்தது: உறிஞ்சுவாயின் வாஷர் ஒன்று, வடிகால் குழாயின் திருகு மற்றொன்று.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் நீரை அதிகபட்சம் 10.3 மீட்டர் வரை தள்ளும். நடைமுறையில் 7 முதல் 8 மீட்டரே கிடைக்கும். சுமார் 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜொகன்னஸ்பர்க்கில் கோட்பாட்டு எல்லையே 8.4 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. அந்நகரில் ஜிம்மி ஹாலும் மாநகராட்சியும் சேர்ந்து 1964இல் நிறுவிய போக்குவரத்து அருங்காட்சியகத்தில் பழைய தீயணைப்பு வண்டிகள் பல நிற்கின்றன. மேட்டுநிலத்தில் இருக்கும் அத்தகைய வண்டிகளைக் கடற்கரை ஊருக்காக எழுதிய கையேட்டை வைத்துச் சோதித்து, ‘பம்பு கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டுபவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். பாதரசம் 24 அங்குலம் அளவு வெற்றிடம் நம் கரையில் எட்டக்கூடியது; அங்கே காற்றின் மொத்த அழுத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

ஓட்டும் விதி

பழைய பம்பைப் பொதுமக்கள் முன் முழு வேகத்தில் இயக்கிக் காட்டும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். நாங்கள் பாதி வேகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மையவிலக்குப் பம்பில் அழுத்தம் வேகத்தின் இருமடியாகவும், தேவைப்படும் சக்தி மும்மடியாகவும் ஏறுகின்றன. பாதி வேகத்தில் அழுத்தம் கால்பங்கு, எஞ்சின் சுமை எட்டில் ஒரு பங்கு. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்த பம்பு 25 பவுண்டில் பீய்ச்சினாலும், நீர் ஒரு தகரக் கூரை வீட்டைத் தாராளமாகத் தாண்டிவிடும். தைக்கப்பட்ட பிளாக்குக்கு இது பாதுகாப்பு. வால்வு இருக்கைகளுக்கும் பாதுகாப்பு. ஈயம் கலந்த பெட்ரோல் இந்நாட்டில் 2006உடன் நின்றுபோனதால், அதை நம்பி வார்த்த பழைய இருக்கைகள் கடும் சுமையில் விரைவாக உள்வாங்கும். கடினமான புது இருக்கைகள் பொருத்தும் செலவை இந்த வேக வரம்பு தவிர்த்தது.

அக்காலத்துக் கான்வாஸ் குழாய்களில் நீர் ஏற்றுவதில்லை. நெய்த இழையின் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தை நனைத்துக்கொண்டே இருப்பது தீக்கு அருகில் அவற்றின் பலம். உலர்த்தாமல் சுருட்டி வைத்தால் அதே ஈரம் அவற்றை மக்கச் செய்யும். எங்களிடம் உள்ளவை மக்கிவிட்டன. அவை பெட்டியில் காட்சிக்கு இருக்க, இரண்டரை அங்குல இணைப்புகளில் இன்றைய குழாய்களே மாட்டப்படுகின்றன.

முதல் பொது ஓட்டம் மாரியம்மன் கோவில் தீமிதி நாளில் நடந்தது. இது நாங்கள் புகுத்திய வழக்கமன்று. பூக்குழியைச் சுற்றியுள்ள புல்லை நனைக்க, நகராட்சியின் வாய்மொழி அனுமதியுடன் பட்டறைக்காரர்கள் இந்த வண்டியைக் கோவில் மைதானத்துக்குக் கொண்டுவருவார்கள் என்பதைத் தாத்தா மட்டுமன்றி ஊரில் வேறு பலரும் நினைவுகூர்ந்தார்கள். அன்று தூவல் குழாயின் வால்வும் சில நிமிடங்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த வால்வு நாங்கள் சேர்த்தது. தட்டு ஒன்றைச் செருகிக் குழாயை முழுதாக அடைத்துவிடவும் வழி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பின்னும் ரேடியேட்டரை நன்னீரால் கழுவி உலர்த்த வேண்டும் என்றும், கீழ்த்தொட்டியின் சாலிடர் மறுபடி வியர்க்கத் தொடங்கினால் அந்தத் தட்டைச் செருகிக் குழாயைக் காட்சிக்கு மட்டும் விட்டுவிட வேண்டும் என்றும் வண்டியின் பராமரிப்பு ஏட்டில் எழுதியிருக்கிறது.